பந்தயம் இருக்கட்டும், பலகையைக் கழற்றிவிடுங்கள்

கேள்வி:

மேடம், எனக்கு 43 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உயரம் 168 செ.மீ. விநாயகர் சதுர்த்தி அன்று பார்த்த எடை 94 கிலோ. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை இல்லை. ஆனால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 6.1 என்று வந்ததால், "எல்லையில் நிற்கிறீர்கள், எடையைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். எனக்கு நானாகக் கட்டுப்பாடு வராது. அதனால் பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் சபதம் போட்டேன். பொங்கலுக்குள் 80 கிலோவுக்கு வராவிட்டால் மீசையை எடுத்துவிடுவேன், சட்டையில்லாமல் நின்று படம் போடுவேன், எனக்கு ஆகவே ஆகாத ஒரு கட்சிக்கு 25,000 ரூபாய் கொடுப்பேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை மாட்டி, திங்கள்தோறும் எடையை எழுதுகிறேன்.

முதல் மூன்று வாரத்தில் 4 கிலோ இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்தாவது வாரம் 800 கிராம் ஏறிவிட்டது. குழுவில் யானைப் படமாக வந்து குவிந்தது. சரக்கு இறக்க வரும் பையன்கூடப் பலகையைப் பார்த்துச் சிரிக்கிறான். இப்போதெல்லாம் ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் சாப்பிடுவதில்லை, தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறேன். திங்கள் காலை எடை பார்த்த பிறகுதான் வயிறாரச் சாப்பாடு. போன திங்களன்று கடையில் ஏணி ஏறும்போது தலை சுற்றிவிட்டது. மனைவி பலகையைக் கழற்றச் சொல்கிறாள். ஒரே ஒரு நண்பன் மட்டும் தனியாகப் போன் பண்ணி, "ராத்திரி சாப்பாட்டை முன்னாடியே முடிச்சுக்கடா, அது போதும்" என்றான்.

தண்டத்தை இன்னும் கூட்டினால் வழிக்கு வருவேனா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிடுவதா? எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள். அவள் பெயரையும் பலகையில் எழுதினால் அப்பாவும் பெண்ணுமாகக் குறைக்கலாமே என்று ஓர் எண்ணம். சரிதானா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் அவசரமானவை. மற்றதைப் பிறகு பேசுவோம்.

ஒன்று, அந்தத் தலைசுற்றல். பிரஷர் மாத்திரைகளில் சில வகை, உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. வேறு சில, ரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. எதுவாக இருந்தாலும், அரை நாளுக்கு மேல் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு ஏணியில் ஏறினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். இரும்புச் சாமான் அடுக்கிய கடையில் ஏணியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பட்டினியை இந்த வாரமே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். இந்த வாரத்துக்குள் உங்கள் டாக்டரைப் பார்த்து, தலை சுற்றியதையும் பட்டினி கிடந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறையும்போது மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியும் வரலாம்.

இரண்டு, உங்கள் மகள். அவள் பெயர் அந்தப் பலகையில் ஏறக்கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அது வளரும் காலம். உயரம் கூடுவதற்கு முன்னால் உடம்பு சற்றுப் பூசுவது பல பிள்ளைகளிடம் இயல்பு. பெரியவர்களுக்கான எடைக் கணக்கு அவளுக்குப் பொருந்தவும் செய்யாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தனி அட்டவணை குழந்தை மருத்துவரிடம் இருக்கிறது. கவலையாக இருந்தால் அவரிடம் கூட்டிப்போய், வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பதின்வயதுப் பிள்ளைகளின் எடையைப் பற்றி வீட்டில் பேசுவதும், அவர்களை டயட்டில் தள்ளுவதும், அளவு மீறித் தின்பது, ஒளித்துத் தின்பது, சாப்பாட்டையே வெறுப்பது என்று உணவுக் கோளாறுகளில் கொண்டுபோய் விடக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எடைப் பேச்சை விடுங்கள், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றுதான் பெற்றோருக்குச் சொல்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்களில் எத்தனையோ பேருக்கு, பள்ளிக்கூட வயதில் அப்பாவோ அத்தையோ நாலு பேர் முன்னால் சொன்ன ஒரு சொல் நாற்பது வயதிலும் அப்படியே நினைவிருக்கிறது. உங்கள் கடையில் சிமெண்ட் வாங்க வருகிறவர் உங்கள் பெண்ணின் எடையைப் படிக்க வேண்டுமா? அவளுக்காக ஏதாவது செய்ய நினைத்தால் வீட்டுக்குள் வருகிற பொருளை மாற்றுங்கள். பாட்டில் குளிர்பானத்துக்குப் பதில் மோர், பாக்கெட் சிப்ஸுக்குப் பதில் வேர்க்கடலை. அது எல்லோருக்கும் பொது. அவளை மட்டும் தனியாக நிறுத்தாது.

இனி உங்கள் பந்தயம்.

நாலு பேரைச் சாட்சி வைத்து வாக்குக் கொடுத்தீர்களே, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சாட்சியும் தண்டமும் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 57 பேரை வைத்து 16 வாரம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2008-இல் வெளியானது. ஒரு பிரிவினர் நாளுக்கு 3 டாலர் வரை தங்கள் சொந்தப் பணத்தையே கட்டினார்கள். எடை இலக்கைத் தொட்டால் பணம் மேல்தொகையோடு திரும்பும், தொடாவிட்டால் போச்சு. அவர்கள் சராசரியாக 6 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். இப்படி எந்தப் பந்தயமும் இல்லாமல் மாதம் ஒருமுறை எடை மட்டும் பார்த்துக்கொண்டவர்கள் குறைத்தது 2 கிலோவுக்கும் கீழே. கையில் இருப்பது போய்விடும் என்றால் மனிதர்களுக்கு வருகிற வேகம், புதிதாக ஒன்று கிடைக்கும் என்பதில் வருவதில்லை. ஆனால் பந்தயம் முடிந்த பின், தொடங்கியதிலிருந்து ஏழாவது மாதத்தில் மறுபடி பார்த்தபோது, குறைந்ததில் கணிசமான பகுதி திரும்பி ஏறியிருந்தது. பிரிவுகளுக்கிடையே உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லாமல் போனது. பொங்கலோடு உங்கள் சபதமும் முடிகிறது என்பதால் இதை நினைவில் வையுங்கள்.

ஆகாத கட்சிக்குப் பணம் என்ற யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்றும் ஊகிக்க முடிகிறது. அப்போது யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டீன் கார்லனும் சகாக்களும் 2008-இல் இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கினார்கள். இலக்கைத் தவறவிட்டால், தனக்குப் பிடிக்காத அமைப்புக்குப் பணம் போகும்படி அங்கே எழுதிக்கொடுக்கலாம். அதற்கு வித்திட்டது, கார்லன் மாணவராக இருந்தபோது ஒரு நண்பரோடு போட்ட எடைப் பந்தயம். தண்டம், ஆண்டு வருமானத்தில் பாதி. பெரிய தொகைதான். ஆனால் அது ஒரே தட்டில் நிற்கிற இரண்டு பேருக்குள் நடந்த ஒப்பந்தம். இருவருக்கும் எடை குறைய வேண்டியிருந்தது. ஒருவர் மேடையிலும் மற்றவர்கள் திண்ணையிலும் உட்கார்ந்து சிரிக்கிற ஏற்பாடாக அது இல்லை. எடை குறைந்த பின்னும் அந்த ஒப்பந்தத்தை அவர்கள் தொடர்ந்தார்கள்.

உங்கள் ஏற்பாட்டில் சாட்சிகள் வேடிக்கை பார்க்கிறவர்களாக மாறிவிட்டார்கள். யானைப் படம் அனுப்பியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மீசை, சட்டையில்லாத படம் என்று நீங்களே தண்டத்தை அவமானமாக வைத்ததால், நீங்கள் தோற்பதில்தான் அவர்களுக்குச் சுவாரசியம் இருக்கிறது. அவமானம் எடையைக் குறைக்காது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 3,000 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2014-இல் வந்தது. எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களின் எடை அந்தக் காலத்தில் சுமார் ஒரு கிலோ ஏறியிருந்தது, மற்றவர்களுக்குச் சற்று இறங்கியிருந்தது. வெட்கப்பட்டவர் நடைப்பயிற்சிக்குப் போக மாட்டார், டாக்டரிடம் போகத் தயங்குவார், ராத்திரி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். இதை வாராவாரம் என் அறையில் பார்க்கிறேன்.

பலகையின் இன்னொரு கோளாறு, அது எதை எழுதச் சொல்கிறது என்பதில் இருக்கிறது. திங்கள் காலை எடை உங்கள் கையில் இல்லை. அரிசியும் சர்க்கரையும் குறைந்தவுடன் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கரையும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் போகும். முதல் மூன்று வாரத்தில் இறங்கிய 4 கிலோவில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர்தான். அதேபோல, ஏறிய 800 கிராம் கொழுப்பாக இருக்க வேண்டுமானால் நீங்கள் தேவைக்கு மேல் சுமார் 6,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் போதும், உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மலச்சிக்கலும் சேர்ந்தால் ஒன்றிரண்டு கிலோ ஒரே நாளில் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தைத்தான் கடைத்தெரு முழுக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சமாளிக்கத்தான் பட்டினி, பட்டினியால்தான் திங்கள் மதியம் அடக்க முடியாத பசி.

கார்த்திகை பிறந்தால் உங்கள் கடைத்தெருவிலேயே எத்தனை பேர் மாலை போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வேளை சிகரெட் இல்லாமல் இருக்க முடியாதவர் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். விடியற்காலை மழையிலும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். அதுவும் ஊரறிந்த சபதம்தான். கழுத்து மாலையையும் கறுப்பு வேட்டியையும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் ஊர் அவரை எப்படி நடத்துகிறது? டீக்கடைக்காரர் "சாமி" என்று கூப்பிட்டுத் தனி டம்ளரில் டீ தருகிறார். பழைய கூட்டாளி அவர் முன்னால் சிகரெட் பற்றவைக்கத் தயங்குகிறார். வாரக் கடைசியில் அவர் பக்தி எத்தனை கிலோ கூடியது என்று யாரும் தராசு வைப்பதில்லை. குளித்தாரா, விரதம் காத்தாரா என்ற நடத்தைக்கு மட்டும்தான் ஊர் சாட்சி. அந்த நடத்தை முழுக்க முழுக்க அவர் கையில் இருக்கிறது. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பலர் பெட்டிக்கடைக்குப் போய்விடுவதும் உண்டு. அதைத் தடுக்க என்ன வழி என்று பின்னால் சொல்கிறேன்.

ஆக, சாட்சி வேண்டும், தண்டமும் வேண்டும். இரண்டையும் எடையிலிருந்து எடுத்து உங்கள் பழக்கத்தின் மேல் வைக்க வேண்டும்.

சாட்சி யார் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், தனியாகப் போன் பண்ணிய அந்த நண்பர்தான். வேறு யாரும் வேண்டாம். உங்கள் மனைவியைச் சாட்சியாக்காதீர்கள். சாப்பாடு போடுகிற கையே கணக்கும் பார்த்தால் தினமும் சண்டை வரும்.

எதற்குச் சாட்சி? இரண்டே இரண்டு விஷயம் வையுங்கள். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி வேக நடை. வாரத்தில் ஐந்து இரவு ஒன்பது மணிக்குள் சாப்பாடு. கடையை மூடும் நேரத்தை நீங்கள் எழுதவில்லை. பத்து மணிக்கு மூடிவிட்டுப் போகும் வழியில் பரோட்டா வாங்கிப் போகிற வழக்கம் இருந்தால், வீட்டிலிருந்து டிபனை எட்டரைக்குக் கடைக்கே வரவழைத்துவிடுங்கள். நடந்து முடித்ததும், சாப்பிட்டு முடித்ததும் நண்பருக்கு ஒரு வரி செய்தி. அவர் பதிலே போட வேண்டாம், பார்த்தால் போதும்.

தண்டம் சிறியதாக, அந்த வாரமே வலிப்பதாக இருக்கட்டும். 25,000 என்பது பொங்கலன்று மொத்தமாக வருகிற பூதம். மார்கழி நடுவில் 87 கிலோவில் நின்றீர்களானால், எப்படியும் பணம் போகத்தான் போகிறது என்று அத்தனையையும் கைவிடத் தோன்றும். அதற்குப் பதிலாக 6,000 ரூபாயை இப்போதே நண்பர் கையில் கொடுத்துவிடுங்கள். தவறிய ஒவ்வொரு நடைக்கும், தவறிய ஒவ்வோர் இரவுக்கும் 200 ரூபாய் போகும். வாரத்துக்கு இரண்டு நாள் ஏற்கெனவே விலக்கு இருப்பதால் அதற்கு மேல் சாக்கு வேண்டாம். காய்ச்சல், துக்க வீடு, புயல் எச்சரிக்கை இந்த மூன்றுக்கும் மட்டும் தண்டமில்லை என்று முதலிலேயே எழுதிவையுங்கள். பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதில் கட்சி வேண்டாமே. போகும் பணம் உங்களைக் கோபப்படுத்தினால் கோபம் நண்பர் மேல் திரும்பும். அந்த வாரத் தண்டப் பணத்தை நண்பர் தன் வீட்டுக்குச் செலவழித்துக்கொள்ளட்டும். உங்களுக்கு உறுத்தும், நட்புக்குக் கேடு வராது.

நடக்க உங்கள் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மஞ்சக்குப்பம் மைதானம் இருக்கிறது, தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கடலூர் மழை தெரிந்ததுதானே. மழை நாளுக்கு வீட்டுக் கூடத்திலோ குடோனிலோ அரை மணி நடப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வடகிழக்குப் பருவமழை முடியும்போது பழக்கமும் முடிந்திருக்கும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் போகக்கூடாது. விடியலில் அங்கே முத்தியால்பேட்டைப் பெண்கள் மூன்று பேர் நடப்பார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர். காந்தி சிலைக்கு எதிரே ஐந்தரைக்கு நிற்க வேண்டும் என்பது அவர்கள் விதி. வராதவர் மறுநாள் மூன்று பேருக்கும் சுக்குக் காபி வாங்கித்தர வேண்டும். ஒருத்தி வரவில்லையென்றால் மற்ற இருவரும் அவள் வீட்டுக்குப் போன் போட்டு, "உடம்பு சரியில்லையா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எடை என்ன என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் வந்தவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நடை, சாப்பாட்டு நேரம் என்று மட்டும் வைத்தால் எடை குறையாமல் போய்விடுமோ என்று கவலைப்படுவீர்கள். உங்கள் டாக்டர் பயந்தது சர்க்கரையைப் பார்த்து. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. உங்களைப் போல எல்லையில் நின்றவர்களிடம் உணவையும் நடையையும் மாற்றியதில், சர்க்கரை நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலேயே இது நடந்தது என்பதுதான் அதில் எனக்கு மிகவும் முக்கியமான செய்தி. நம் ஊர் உடம்புக்கு, தராசு அசையாதபோதும் நடை பலன் தருகிறது. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் சர்க்கரை நோய் அதிகமுள்ள பகுதிகளில் 26.3 சதவீதத்தோடு புதுச்சேரி முன்வரிசையில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இரண்டு ஊர்ச் சாப்பாட்டுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. உங்கள் எண் 6.1-லிருந்து இறங்குவதுதான் உண்மையான வெற்றி.

எடையும் பார்க்கலாம், வீட்டில், உங்கள் கண்ணுக்கு மட்டும். காலைக்கடன் முடித்ததும் வெறும் வயிற்றில் பார்த்து நோட்டில் எழுதி, நான்கு வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பையும் அளந்து பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பொங்கலுக்குள் 14 கிலோ என்ற இலக்கை விடுங்கள். 94-இல் 5 சதவீதம், அதாவது ஐந்து கிலோ குறைந்தாலே பிரஷரிலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள்.

ஒரு சின்னக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பது சாதாரணம். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. டீக்கடைப் பையனிடம் "எனக்கு அரைச் சர்க்கரை" என்று ஒருமுறை சொல்லிவைத்துவிட்டால் அப்புறம் தினமும் மனத்தோடு போராட வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து எப்படி மீள்வது என்று உங்களுக்கு நெருடும். சொன்ன சொல்லை மாற்றினால் தலைக்குனிவு என்று நினைப்பீர்கள். இப்படி எழுதுங்கள்: "நண்பர்களே, பந்தயத்துக்காகப் பட்டினி கிடந்து கடையில் தலைசுற்றி விழப் பார்த்தேன். டாக்டர் சொன்னபடி வேறு முறைக்கு மாறுகிறேன். மீசை, படம், கட்சிப் பணம் மூன்றும் ரத்து. தினமும் காலையில் நடக்கிறேன், வருகிறவர்கள் வரலாம்." டாக்டரைப் பார்த்த அன்றே அனுப்பிவிடுங்கள். சிரிக்கிறவர்கள் இரண்டு நாள் சிரிப்பார்கள். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு ஓரிருவர் வரவும் கூடும். உங்கள் வயதில் அந்தக் குழுவில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க வாய்ப்பில்லை.

மாலை கழற்றியதும் பெட்டிக்கடைக்குப் போகிற ஆபத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தைப் பொங்கலோடு முடிக்காதீர்கள். தையிலிருந்து சித்திரை வரை பாதித் தண்டத்தில், நடைக்கு மட்டும் தொடர்வதாக இப்போதே அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் உங்கள் நண்பரும் தனக்கென்று ஒரு பழக்கத்தை அதில் எழுதட்டும். அவருடைய பணமும் உங்கள் கையில் இருந்தால் நீங்கள் இருவரும் சமம்.

மூன்று மாத சராசரிப் பரிசோதனையைத் தை மாதம் மறுபடி எடுங்கள், அதற்கு முன்னால் எடுத்தால் மாற்றம் முழுசாகத் தெரியாது. அந்த எண்ணையும், தலைசுற்றலுக்கு டாக்டர் சொன்னதையும் எனக்கு எழுதுங்கள். உணவுத் திட்டத்தை அதைப் பார்த்துவிட்டு விரிவாகப் போட்டுத் தருகிறேன்.